தஞ்சாவூரில் இரவு தங்குங்கள்: ஒரு சின்னப் பயணத்தின் விமர்சனம்

தஞ்சாவூரை வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிற ஊராகத்தான் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். பெரிய கோயில், நந்திக்கு முன்னால் ஒரு போட்டோ, ஒரு தலையாட்டி பொம்மை, அப்புறம் கும்பகோணத்துக்கோ வேளாங்கண்ணிக்கோ வண்டி ஏறிவிடுவார்கள். இந்த ஊருக்கு இது போதாது என்பது என் தீர்மானமான கருத்து. இரவு தங்க வேண்டும். தங்கினாலும் கல்லணை, தாராசுரம், திருவையாறு என்று சுற்றக் கிளம்பாமல் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். முக்கியமாக, கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும். இந்த ஊரின் நல்ல விஷயங்கள் பாதிக்கு மேல் கண்மட்டத்தில்தான் இருக்கின்றன.

அப்பாவோடு போனேன். அப்பா கோவையில் பவுண்டரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மாதிரி உருவம், செய்வதில் தொடங்கி, மணல் அச்சு பிடித்து உலோகம் ஊற்றுவது வரை எல்லாம் கைப்பழக்கம். கோயில் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார், சிற்பத்தை நின்று பார்க்கிற ஆள் இல்லை. அவரைத் தஞ்சாவூர் நிற்க வைத்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு எழுதத் தோன்றியது.

கோவையிலிருந்து காலையில் கிளம்பும் ஜன்சதாப்தி தஞ்சாவூர் வழியாகத்தான் மயிலாடுதுறை போகிறது. மதிய வேளையில் கோயில் நடை சாத்தியிருக்கும், பிராகாரத்துத் தரையும் கொதிக்கும். ஆகையால் முதலில் அரண்மனைக்குப் போவதுதான் சரி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அரண்மனை என்றதும் மைசூரை மனதில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. நாயக்கர்கள் தொடங்கி, 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த மராத்தியர்கள் கூட்டிக் கட்டிய ஒரு பெரிய வளாகம் இது. இன்றைக்கு அதில் அரும்பொருள் கூடங்கள், நூலகம், தர்பார் மண்டபம் எல்லாம் தனித்தனி வாசலோடு இருக்கின்றன. சீட்டும் தனித்தனி. உள்ளே நுழைந்ததும் எது எங்கே என்று கொஞ்சம் குழப்பமாக இருக்கும். நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கலைக்கூடத்துக்கு முதலில் போங்கள், மனசு நிறைகிற வரை இருங்கள், மிச்ச நேரத்தில் மற்றதைப் பாருங்கள்.

1951-ல் தொடங்கிய கலைக்கூடம் இது. கற்சிலைகளும் இருக்கின்றன. தாராசுரத்திலிருந்து வந்த, யானையை உரித்துப் போர்த்தி ஆடுகிற கஜசம்ஹாரமூர்த்தி முன்னால் யாரும் சும்மா கடந்து போக முடியாது. ஆனால் நான் இவ்வளவு தூரம் வந்தது திருவெண்காட்டுச் செப்புத் திருமேனிகளுக்காக. 1950-களின் தொடக்கத்தில் திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவை. அதில் காளையை வாகனமாகக் கொண்ட சிவனான ரிஷபவாகன தேவர் 1011-ஆம் ஆண்டையும், பக்கத்தில் நிற்கும் தேவி அதற்கு அடுத்த ஆண்டையும் சேர்ந்தவர்கள் என்று அந்தக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. ராஜராஜன் உயிரோடு இருந்த காலம், பெரிய கோயில் கட்டி முடித்த கையோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிவன் ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலைக் குறுக்கே போட்டு ஒயிலாக நிற்கிறார். ஒரு கை காளையின் மேல் சாய்ந்த பாவனையில் மடங்கியிருக்கிறது. காளை இல்லை, அது கிடைக்கவே இல்லை. ஆனாலும் அந்தக் கை எதன் மேல் இருக்கிறது என்பதில் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. விரல்கள் அவ்வளவு தளர்வாக விழுந்திருக்கின்றன. தலையில் கிரீடம் கிடையாது. சடையையே தலைப்பாகை மாதிரிச் சுற்றி வைத்திருக்கிறார், அதற்குள் பாம்பு வளைந்து கிடக்கிறது. ஊர்ப்பக்கம் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து மேட்டில் நிற்கிற வாலிபனுக்கு இருக்கும் அதே நிதானம்.

அப்பா முன்னாலிருந்து பார்த்ததை விடப் பக்கவாட்டில் குனிந்து பார்த்ததுதான் அதிகம். “கண்ணு, இதுல கோர் கிடையாது. உள்ள முழுக்க உலோகந்தான்” என்றார். சோழர் காலத்துத் திருமேனிகள் கனமாக வார்க்கப்பட்டவை என்று நான் படித்திருந்தேன். அவருக்கு அதைப் படிக்கத் தேவைப்படவில்லை. “மெழுகுல உருவம் செஞ்சு, மேல மண்ணப் பூசிக் காய வெச்சுச் சுட்டா, மெழுகு உருகி ஓடிரும். அந்த இடத்துல உலோகத்த ஊத்தோணும். அச்ச ஒடச்சாத்தான் சாமி வெளிய வரும். ஒரு அச்சுக்கு ஒரு சாமிதான். விரல்ல காத்து அடச்சுக்கிச்சுன்னா, முழுசும் போச்சு.” அதற்கப்புறம் அந்த விரல்களை நான் பார்த்த பார்வையே வேறு. ஒரே ஊற்றில், திரும்பச் செய்ய வழியில்லாமல் வந்த விரல்கள் அவை.

அதே ஊரிலிருந்து வந்த கல்யாணசுந்தரர் தொகுதியையும் விட்டுவிடாதீர்கள். சிவன் பார்வதியின் கையைப் பிடித்திருக்கிறார், தாரை வார்க்கத் திருமால் நிற்கிறார், மணப்பெண்ணுக்குப் பின்னால் லட்சுமி. பார்வதியின் தலை எத்தனை நூலிழை தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். கல்யாண வீட்டில் பெண்ணின் முதுகில் லேசாகக் கைவைத்து “போம்மா” என்று தள்ளுகிற அத்தைகளும் அக்காமார்களும் நமக்குத் தெரிந்தவர்கள்தானே. லட்சுமி அப்படித்தான் நிற்கிறாள். இந்த அறைகளில் கூட்டம் பெரும்பாலும் சீக்கிரம் நகர்ந்துவிடுகிறது. கோயிலில் கிடைக்காத அமைதி இங்கே கிடைக்கும்.

வளாகத்துக்குள்ளேயே சரஸ்வதி மகால் நூலகம். நாயக்கர் காலத்து அரண்மனை ஏட்டுச்சுவடித் தொகுப்பு, மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798–1832) பெருகி வளர்ந்து, 1918-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு, மராத்தி என்று ஓலையும் காகிதமுமாகப் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன. நம்மைப் போன்ற பார்வையாளர்களுக்கு அதை ஒட்டிய சிறிய அருங்காட்சியகம்தான். சின்னது, ஆனால் நன்றாகப் பார்த்தால் நேரம் போவது தெரியாது. சரபோஜி கண் மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டவர். நோயாளிகளின் கண்ணை வரைந்து, என்ன கோளாறு, என்ன சிகிச்சை என்று எழுதி வைத்த பதிவுகள் இந்த நூலகத்தின் சொத்து. ஒரு ராஜா தன் போரையும் வெற்றியையும் எழுதி வைப்பது வழக்கம். யாரோ ஒருவரின் புரை விழுந்த கண்ணை வரைந்து வைக்கச் சொன்ன ராஜா மேல் எனக்குத் தனி மரியாதை.

சரபோஜியைப் பற்றி இன்னொன்று. லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய அவருடைய வெள்ளைப் பளிங்குச் சிலை அரண்மனையில் நிற்கிறது. அதே சிற்பியின் இன்னொரு பளிங்கு வேலை, பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. 1779-ல் கட்டிய தேவாலயம். பாதிரியார் சுவார்ட்ஸ் சரபோஜியை வளர்த்துப் படிக்க வைத்தவர். அவர் சாகும் தறுவாயில் படுத்திருக்க, சரபோஜி அவர் கையைப் பிடித்தபடி நிற்பதைச் செதுக்கியிருக்கிறார் பிளாக்ஸ்மன். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட முடியும். ஒரு கதையின் இரண்டு பக்கங்கள் ஒரே ஊரில் இருக்கின்றன, இதைச் சொல்லி அனுப்புகிற ஆள்தான் இல்லை. தேவாலயம் எப்போது திறந்திருக்கும் என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

அரண்மனையின் உயரமான கோபுரம், சங்கீத மகால், சார்ஜா மாடி இதெல்லாம் நேரம் இருந்தால் பார்க்கலாம். குழந்தைகள் கூட இருந்தால் அங்கே வைத்திருக்கும் திமிங்கல எலும்புக்கூட்டை அவசியம் காட்டுங்கள். எனக்கு அதில் பெரிதாக மனம் போகவில்லை.

சரி, பெரிய கோயில்.

மாலையில் ஒரு முறை, மறுநாள் விடிந்ததும் ஒரு முறை என்று போக வேண்டும். இரவு தங்கச் சொன்னதே இதற்காகத்தான். கோயில் கிழக்குப் பார்த்தது. மாலையில் வாசலிலிருந்து பார்த்தால் சூரியன் கருவறைக்கு மேல் எழுந்து நிற்கும் விமானத்துக்குப் பின்னால் இறங்கும், முன்பக்கம் மங்கலாகத்தான் தெரியும். உள்ளே போய் பிராகாரத்தின் தென்மேற்கு மூலைக்கு நடந்துவிடுங்கள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் கல் முழுக்க மஞ்சளேறி நிற்கும். அந்த வெளிப்பிராகாரம் ஏறத்தாழ 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். இரண்டு சதுரங்களை ஒட்டி வைத்த கணக்கு. இவ்வளவு வெற்றிடம் விட்டிருப்பதால்தான் விமானத்தை அடி முதல் உச்சி வரை ஒரே பார்வையில் பிடிக்க முடிகிறது. நம் ஊர்ப் பெரிய கோயில்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. சனி, ஞாயிறு மாலைகளில் கூட்டம் அதிகம். ஆனாலும் இடம் பெரியது, புல்தரையில் உட்கார ஒரு மூலை கிடைத்துவிடும்.

வழிகாட்டி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். எங்களுக்குக் கிடைத்தவர் அன்பான மனிதர், ஆனால் பேச்சு முழுக்க இரண்டே விஷயம்: நிழல் கீழே விழாது, உச்சிக்கல் ஒரே கல். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே விமானத்தின் நிழல் தரையில் நீண்டு கிடந்தது. இந்தக் கதைகள் இந்தக் கோயிலுக்குத் தேவையே இல்லை. தஞ்சைச் சமவெளியில் கருங்கல் மலை கிடையாது. அத்தனை கல்லும் வெளியிலிருந்து வந்தது. 1010-ல், 200 அடிக்கு மேல் உயர்ந்த கல் விமானத்தைக் கட்டி முடித்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன அதிசயம் வேண்டும்? வழிகாட்டியை அமர்த்துவதானால், “கல்வெட்டு காட்டுவீங்களா அண்ணே?” என்று முதலிலேயே கேளுங்கள். தயங்கினால் வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் போவது அந்தக் கல்வெட்டுக்காக. நடை திறந்த கையோடு போய்விட்டால், கிழக்கிலிருந்து வரும் இளவெயில் தெற்குச் சுவர் மீது சாய்வாக உரசிப் போகும். மதியம் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த கல்லில் எழுத்து எழுந்து நிற்கும். ஆயிரம் வருஷத்து எழுத்துதான், ஆனால் க, ட, ப போன்றவை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே பிடிபடும். பெரும்பாலும் புள்ளி வைக்காமல் எழுதியிருப்பதால் மெய்யெழுத்தை நாம்தான் ஊகிக்க வேண்டும். ‘ஸ்ரீ’ வருகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்குப் பக்கத்தில் ‘ராஜராஜ’ என்று படிக்க வாய்ப்பு அதிகம்.

என்ன எழுதியிருக்கிறது என்பதைப் போவதற்கு முன்பே கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். வடபுறம் இருக்கும் புகழ்பெற்ற வாசகத்தில் ராஜராஜன் “நாங்குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லில் வெட்டச் சொல்கிறான். ராஜா தான் கொடுத்ததோடு நிறுத்தவில்லை. அக்காள் குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, வேறு யார் கொடுத்தாலும் சரி, எல்லாம் ஒரே சுவரில். அணையா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் என்று கணக்கு, அதற்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கோயிலுக்கு ஆடல் பாடலுக்காக வெவ்வேறு ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும் இருக்கின்றன. எந்தச் சேரி (குடியிருப்பு), எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவளுக்கு எத்தனை பங்கு என்று ஒருத்தி விடாமல் எழுதியிருக்கிறார்கள். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். கட்டிய பெருந்தச்சனின் பெயரும் கல்லில் இருக்கிறது: குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன்.

அப்பாவுக்கு இந்தப் பெயரைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. “வேல செஞ்சவன் பேரப் போட்டிருக்காங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் வார்த்துக் கொடுத்த மோட்டார் உறைகள் எத்தனை கிணற்றடியில் ஓடிக்கொண்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும். எதிலும் அவர் பெயர் கிடையாது. சுவர் ஓரமாகக் கொஞ்ச தூரம் தனியாக நடந்துவிட்டு வந்தார்.

நந்தி நாயக்கர் காலத்தது, அம்மன் சன்னிதி பாண்டியர் காலத்தது என்று இங்கே ஒவ்வொன்றும் ஒரு காலம். மராத்தியர்கள் விட்ட தடமாக, போன்ஸ்லே வம்சத்தின் கதையை மராத்தியில் நீளமாக வெட்டி வைத்த 1803-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் இருக்கிறது. இவற்றில் எதை விட்டாலும், விமானத்துக்கு வடமேற்கே இருக்கும் முருகன் கோயிலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். நாயக்கர் காலத்து வேலை. பெரிய விமானத்தைப் பார்த்த கண்ணுக்கு முதலில் சின்னதாகத் தெரியும். கிட்டே போய்த் தூணையும் அடித்தளத்தையும் பாருங்கள், நகைக்கடைக்காரர் வேலை மாதிரி இருக்கும்.

கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்ததை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி வெளிக்கொண்டு வந்தார். பொதுமக்களை அங்கே விடுவதில்லை, அது நியாயம்தான். வளாகத்தில் உள்ள விளக்கக் கூடத்தில் படங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

யாரும் சொல்லாத ஓர் இடம் கீழவாசல் பீரங்கி மேடு. நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி அங்கே இருக்கிறது. நீளம் 25 அடிக்குக் கொஞ்சம் குறைவு, எடை சுமார் 22 டன். ஆட்டோக்காரரிடம் “பீரங்கி மேடு” என்று சொன்னால் போதும். கிட்டே போனதுமே அப்பா கண்டுபிடித்துவிட்டார். “இது வார்ப்படம் இல்ல கண்ணு. இரும்புப் பட்டையப் பழுக்கக் காச்சி, அடிச்சு அடிச்சுச் சேத்திருக்காங்க. வளையம் வளையமா இருக்கு பாரு.” உண்மையும் அதுதான். உலோக ஆய்வாளர்களும் இதை உலைக்களத்தில் அடித்து இணைத்த இரும்பு என்றே சொல்கிறார்கள். 22 டன் இரும்பை அந்தக் காலத்து உலையில் சூடு குறையாமல் வைத்து அடிக்க எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். போட்டோவுக்கு அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். பட்டறை வேலை தெரிந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

வாங்குவதைப் பற்றி. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலாப்பலகைதான் மரபு. அதன் மேல் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சு கொடுத்து, கல் பதித்து, தங்கத் தகடு ஒட்டுவார்கள். இப்போது பிளைவுட்டில் செய்வதும் சகஜம், அதில் தவறில்லை, விலையை அதற்கேற்ற மாதிரி வைத்தால் சரி. நாங்கள் ஏறிய ஒரு கடையில் பலாப்பலகை என்று அடித்துச் சொன்னார்கள். பேட்டர்ன் செய்தவரிடம் மரத்தைப் பற்றிச் சொன்னால் எடுபடுமா? அப்பா படத்தைத் திருப்பி ஓரத்தைக் காட்டினார், அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது தெரிந்தது. நீங்களும் ஓரத்தைப் பாருங்கள், தகடு அசல் தங்கமா என்று கேளுங்கள், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் வாங்க வேண்டாம்.

வீணை செய்கிற பட்டறை ஒன்றையாவது பார்க்க முடிந்தால் பாருங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றில்லை, மரியாதையாகக் கேட்டால் காட்டுகிறார்கள். குடம், தண்டி எல்லாம் ஒரே பலாமரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. முனையில் யாளி முகம். தந்தியை அழுத்தி வாசிக்கிற 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து ஒவ்வொன்றாகச் சுருதி பார்த்து நகர்த்துகிறார்கள். நாங்கள் போனபோது ஒருவர் ஒரே மெட்டை மயிரிழை தள்ளுவதும் தந்தியை மீட்டிக் கேட்பதுமாக இருந்தார். நாங்கள் கிளம்பும் வரை அடுத்த மெட்டுக்குப் போகவில்லை.

சாப்பாடு எங்கும் மோசமில்லை, தேடிப் போகிற அளவுக்கு எனக்கு எதுவும் அமையவில்லை. இனிப்பில் பாசிப்பருப்பு அசோகாவும் சந்திரகலாவும் வாங்கிக்கொள்ளுங்கள். தங்குவதற்கு ரயில் நிலையத்துக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் இடையில் அறை எடுப்பது உத்தமம், பெரிய கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். புதிய பஸ் ஸ்டாண்ட் ஊருக்கு வெளியே தள்ளி இருக்கிறது. அங்கே அறை வாடகை குறைந்தாலும் விடிகாலையில் ஆட்டோ தேட வேண்டியிருக்கும்.

பிரதோஷத்தன்று மாலை நந்திக்கு அபிஷேகம், கூட்டம் நெரியும். சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. கல்வெட்டும் சிற்பமும் பார்க்கப் போகிறவர்கள் காலண்டரைப் பார்த்துவிட்டு வேறு நாளில் போங்கள். செருப்பை வெளியிலேயே விட வேண்டும். வெயில் காலமானால் பையில் ஒரு ஜோடி சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், வயசானவர்கள் கூட வந்தால் இரண்டு ஜோடி.